நடுக்கம் தணித்த கரங்கள்

நுழையும்முன்

நடப்பதும் எழுதுவதும் குவளையை எடுத்து நீர் பருகுவதும் நாம் எண்ணிப் பாராமலே செய்யும் செயல்கள். உடல் நம் விருப்பத்தைக் கேளாமல் தானே நடுங்கவும் இறுகவும் தொடங்கினால்தான் அவற்றின் அருமை புலப்படும். அத்தகைய நோயுற்றோருக்குச் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நம்பிக்கையின் வாயிலைத் திறந்தவர் நரம்பியல் அறுவை மருத்துவர் பா. இராமமூர்த்தி. அவருடைய வாழ்வையும், உடல் இயக்கக் கோளாறுகளைப் பற்றிய ஆய்வு வளர்ந்த வழியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மூன்று எண்கள்

திருப்பெரும்புதூர், ஒரகடம், சேரப்பணஞ்சேரி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய தொழில்தடத்தில் இன்று ஊர்திகளும் மின்னணுப் பொருள்களும் உருவாகின்றன. இத்தகைய ஆலைகளில் கணினியால் இயங்கும் வெட்டு இயந்திரம் ஒன்றைக் கண்டவர்கள் அதன் நுட்பத்தை வியந்திருப்பார்கள். உலோகக் கட்டியின் உட்புறத்தில் துளையிட வேண்டிய புள்ளி எவருடைய கண்ணுக்கும் தெரிவதில்லை. ஆயினும் இடவலமாக எவ்வளவு, முன்பின்னாக எவ்வளவு, மேல்கீழாக எவ்வளவு என்னும் மூன்று எண்களைக் கொடுத்துவிட்டால், கருவியின் முனை மில்லிமீட்டர் பிசகாமல் அப்புள்ளியைச் சென்றடைகிறது.

கண்ணுக்குப் புலப்படாத ஓரிடத்தை மூன்று எண்களைக் கொண்டு அடையலாம் என்னும் இதே கணக்கு, இவ்வாலைகள் எழுவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே சென்னையில் வேறொரு பணிக்குப் பயன்பட்டது. அங்கே கருவியின் முனை சென்றது உலோகத்திற்குள் அன்று. உயிருள்ள மனித மூளைக்குள். அடைய வேண்டிய இடமோ பட்டாணி அளவே உடையது. அந்த முனை சற்றே விலகினால் நோயாளி பேச்சை இழக்கலாம். கை கால்களின் ஆற்றலை இழக்கலாம். சரியாகச் சென்றால் பல்லாண்டுகளாக நடுங்கிய கை அமைதியுறும். இத்தகைய பொறுப்பு மிகுந்த அறுவை முறையைச் சென்னையில் வளர்த்தெடுத்த குழுவின் தலைவர் இராமமூர்த்தி.

சீர்காழியிலிருந்து சென்னைக்கு

திருஞானசம்பந்தர் பிறந்த ஊர் என்னும் சிறப்புடைய சீர்காழியில், 1922ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 30ஆம் நாள் இராமமூர்த்தி பிறந்தார். தந்தையார் பாலசுப்பிரமணியம் அரசு மருத்துவப் பணியில் இருந்தவர். மருத்துவருடைய இல்லத்தில் வளர்ந்த இராமமூர்த்தியும் அத்துறையையே தேர்ந்தெடுத்தார். 1835இல் தொடங்கப்பெற்ற சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அறுவை மருத்துவத்தில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். பின்னர்க் கடல்கடந்து சென்று எடின்பரோ நகரில் எஃப்.ஆர்.சி.எஸ். என்னும் உயர் தகுதியை அடைந்தார்.

அக்காலத்தில் அத்தகுதியுடன் தாயகம் திரும்பும் ஒருவருக்குப் பொது அறுவை மருத்துவராகப் புகழும் பொருளும் ஈட்டும் வாய்ப்பு எளிதாகவே அமையும். இராமமூர்த்தி தேர்ந்த வழி வேறு. மூளையையும் தண்டுவடத்தையும் சார்ந்த அறுவை மருத்துவத்தை அவர் நாடினார். மூளையைத் திறப்பது உயிருக்கு முடிவு என்று மக்கள் அஞ்சிய காலம் அது; அந்த அச்சத்தில் உண்மையும் இருந்தது. அக்கலையைக் கற்றுத் தரும் துறை எதுவும் அப்போது சென்னையில் இல்லை.

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ரோபோதம் என்னும் அறுவை மருத்துவரிடம் அவர் பயிற்சி பெற்றார். தலைக்காயங்களுக்கு மருத்துவம் செய்வதில் வல்லவராக விளங்கியவர் ரோபோதம். பின்னர்க் கனடாவின் மாண்ட்ரியல் நகருக்குச் சென்று, உலகப் புகழ்பெற்ற வைல்டர் பென்ஃபீல்டின் நிறுவனத்தில் சில மாதங்கள் தங்கிக் கற்றார். தலையின் ஒரு பகுதியை மட்டும் மரக்கச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே அவருடைய மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்னோட்டத்தால் தொட்டு, எந்தப் பகுதி எந்த உறுப்பை இயக்குகிறது என்று வரைபடம் வரைந்தவர் பென்ஃபீல்டு. மூளைக்கு வலியுணர்வு இல்லாமையால் இது இயலும். நோயாளியிடம் பேசிக்கொண்டே அவருக்கு அறுவை செய்யும் இம்முறை, பிற்காலத்தில் சென்னையில் நடுக்க நோயாளிகளுக்குச் செய்த அறுவைகளிலும் இன்றியமையாததாக அமைந்தது.

வெறுமையில் எழுந்த துறை

1950ஆம் ஆண்டில் இராமமூர்த்தி சென்னைக்குத் திரும்பி, அரசு பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அதற்கு ஓராண்டு முன்னர், 1949இல், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை நிறுவியிருந்தார். அவரும் பென்ஃபீல்டிடம் பயின்றவரே. ஒரே ஆசானிடம் பயின்ற இருவர், ஒருவருக்கொருவர் அணித்தான இரு நகரங்களில் ஒரு புதிய துறைக்கு விதை ஊன்றியது தமிழ்நாட்டு மருத்துவ வரலாற்றில் குறிப்பிடத்தக்க நிகழ்வாகும்.

அந்நாளில் மூளையின் உட்புறத்தைக் காட்டும் சி.டி., எம்.ஆர்.ஐ. கருவிகள் உலகில் எங்கும் இல்லை. எக்ஸ் கதிர்ப்படத்தில் மண்டையோடு தெரியும். அதற்குள்ளிருக்கும் மூளை தெரியாது. ஆகவே மூளையின் உள்ளறைகளில் உள்ள நீர்மத்தை எடுத்துவிட்டுக் காற்றைச் செலுத்திப் படம் எடுப்பார்கள். காற்று நிறைந்த அறையின் வடிவத்தைக் கொண்டு, கட்டி எப்பக்கம் அழுத்துகிறது என்று உய்த்துணர வேண்டும். கழுத்திலுள்ள தமனியில் சாயத்தைச் செலுத்திக் குருதிக்குழாய்களைப் படம் எடுப்பது மற்றொரு முறை. நோயாளிக்கு இவை துன்பம் தருவன. மருத்துவருக்கோ ஊகத்திற்கும் உறுதிக்கும் இடையில் நிற்க வேண்டிய நிலை. இந்த எல்லைக்குள் நின்றே சென்னையின் தொடக்கக்கால அறுவைகள் நிகழ்ந்தன.

நரம்பியல் என்பது ஒருவரால் நடத்தக்கூடிய துறை அன்று என்பதை இராமமூர்த்தி தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார். நோயை ஆராய்ந்து கூறும் நரம்பியல் மருத்துவர், கத்தி ஏந்தும் அறுவை மருத்துவர், திசுக்களை நுண்ணோக்கியில் காணும் நோய்க்குறியியலார், மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்வோர், பயிற்சி பெற்ற செவிலியர் ஆகிய அனைவரும் ஓரிடத்தில் கூடினால்தான் நோயாளிக்கு நன்மை விளையும். 1951இல் ஜேக்கப் சாண்டி, இராமமூர்த்தி என்னும் அறுவை மருத்துவர் இருவரும், பல்தேவ் சிங், எஸ்.டி. நரசிம்மன் என்னும் நரம்பியல் மருத்துவர் இருவரும் இணைந்து இந்திய நரம்பியல் கழகத்தைத் தோற்றுவித்தனர். நால்வரால் தொடங்கப்பெற்ற அக்கழகம் இன்று நாடெங்கும் உள்ள நரம்பியல் வல்லுநர்களை ஒன்றிணைக்கிறது.

நடுக்கமும் நடனமும்

இராமமூர்த்தியின் பணியை உணர்ந்துகொள்ள அவர் எதிர்கொண்ட நோய்களை அறிய வேண்டும். 1817ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் ஹாக்ஸ்டன் பகுதியில் வாழ்ந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் மருத்துவர், ஆறு பேரைக் கூர்ந்து நோக்கி நடுக்குவாதத்தைப் பற்றிச் சிறுநூல் ஒன்றை எழுதினார். அவர்களுள் சிலர் தெருவில் அவர் கண்ணில் பட்டவர்கள். கை நடுக்கம், முன்னோக்கி வளைந்த உடல், ஓட்டமும் நடையுமான குறுகிய அடிகள் ஆகியவற்றை அவர் தெளிவாகக் குறித்தார். அவர் மறைந்து பல்லாண்டுகளுக்குப்பின், பிரான்சு நாட்டின் ஷார்கோ என்னும் பேரறிஞர் அந்நோய்க்குப் பார்க்கின்சன் பெயரையே சூட்டினார்.

அமெரிக்காவின் லாங் தீவில் மருத்துவராக இருந்த தந்தையுடனும் பாட்டனாருடனும் நோயாளிகளைக் கண்டு வளர்ந்தவர் ஜார்ஜ் ஹண்டிங்டன். சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக ஒரு நோய் தொடர்வதை அவர் கவனித்தார். நடுவயதில் கைகால்கள் தம் விருப்பமின்றி அசையத் தொடங்கும். நாளடைவில் அறிவும் மனமும் தளரும். 1872இல், தம் 22ஆம் வயதில், அவர் இதனை எழுதி வெளியிட்டார். கைகால்கள் ஆடுவதுபோல் அசைவதால், நடனத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த கோரியா என்னும் பெயரால் இத்தகைய அசைவுகளை மருத்துவ உலகம் வழங்குகிறது.

ஒன்று இயக்கத்தை இறுக்குகிறது. மற்றொன்று இயக்கத்தைக் கட்டவிழ்த்து விடுகிறது. ஆயினும் இரண்டும் மூளையின் ஆழத்தில் உள்ள நரம்பணுத் திரள்களின் பழுதால் விளைவன. ஓர் அசைவை எப்போது தொடங்குவது, எந்த அளவில் நிறுத்துவது என்பதை ஒழுங்குபடுத்துவன அத்திரள்களே. பார்க்கின்சன் நோயில், நடுமூளையில் கருநிறமாகத் தோன்றும் பகுதியின் அணுக்கள் அழிகின்றன. ஹண்டிங்டன் நோயில், பெருமூளையின் ஆழத்திலுள்ள வேறு அணுக்கள் அழிகின்றன.

நம் நாட்டில் இந்நோய்களுக்கு ஆளானோர் அடைந்த துன்பம் உடலளவில் மட்டும் நிற்கவில்லை. நடுக்கத்தை முதுமையின் இயல்பு என்று எண்ணி மருத்துவரை நாடாதோர் பலர். தடுமாறும் நடையைக் கண்டு குடிப்பழக்கம் என்று பழி கூறியோரும், தீவினைப் பயன் என்று ஒதுக்கியோரும் உண்டு. உழைத்து உண்ணும் கை நடுங்கத் தொடங்கினால் குடும்பத்தின் அடுப்பும் அணையும். அரசு பொது மருத்துவமனையின் வாயிலுக்கு வந்தவர்களில் மிகுதியானோர் அத்தகைய எளியவர்களே.

ஆழத்தை அடைந்த ஊசி

மூளையின் ஆழத்தில் உள்ள பகுதியைக் கத்தியால் அடைய முயன்றால் இடையிலுள்ள நலமான பகுதிகள் சிதையும். இதற்கு ஒரு வழியை 1908இல் இலண்டனில் ஹார்ஸ்லி, கிளார்க் என்னும் இருவர் கண்டனர். விலங்கின் தலையில் ஒரு சட்டத்தைப் பொருத்தி, மூன்று அளவுகளைக் கொண்டு மூளையின் எந்தப் புள்ளியையும் மெல்லிய ஊசியால் அடையலாம் என்று அவர்கள் காட்டினர். 1947இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஸ்பீகல், வைசிஸ் என்போர் மனிதத் தலைக்கு ஏற்ற சட்டத்தை உருவாக்கினர். அச்சட்டத்தைக் கொண்டு தொடக்கத்தில் அறுவை செய்யப்பெற்றவர்களுள் ஹண்டிங்டன் நோயாளியும் ஒருவர்.

1952இல் நியூயார்க்கில் ஒரு தற்செயல் நிகழ்ந்தது. இர்விங் கூப்பர் என்னும் மருத்துவர் பார்க்கின்சன் நோயாளி ஒருவருக்கு அறுவை செய்கையில் ஆழத்திலிருந்த சிறு தமனி ஒன்று கிழிந்தது. குருதியை நிறுத்த அதனைக் கட்டிவிட்டு, மேற்கொண்டு அறுவை செய்யாமல் அவர் நிறுத்திக்கொண்டார். நோயாளி கண்விழித்தபோது நடுக்கமும் இறுக்கமும் நீங்கியிருந்தன. கைகால்களின் வலிமை குன்றவில்லை. அத்தமனி குருதி ஊட்டிய பகுதிக்கும் நடுக்கத்திற்கும் உள்ள தொடர்பு இதனால் வலுப்பெற்றது. ஆழத்திலுள்ள சிறு பகுதியை மட்டும் செயலிழக்கச் செய்யும் அறுவைகள் உலகெங்கும் பரவின.

1960களில் சென்னையிலும் இம்முறை வேரூன்றியது. இராமமூர்த்தியின் தலைமையில் வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன், டி.எஸ். கனகா ஆகியோர் இதில் முனைந்தனர். அறுவைக்கூடத்தில் நோயாளியின் தலையில் சட்டம் பொருத்தப்படும். மூளையின் உள்ளறைகள் தெரியுமாறு எக்ஸ் கதிர்ப்படம் எடுத்து, அவ்வறைகளின் எல்லைப் புள்ளிகளிலிருந்து அளந்து இலக்கு கணிக்கப்படும். இக்கணக்கு முழுவதும் அளவுகோலையும் தாளையும் கொண்டு மனிதர்கள் செய்தது. மண்டையோட்டில் சிறு துளை வழியே மெல்லிய ஊசி உள்ளே செல்லும். நோயாளி விழித்திருப்பார். கையை நீட்டச் சொல்வர். விரல்களை மடக்கச் சொல்வர். எண்களைச் சொல்லச் சொல்வர். பேச்சும் வலிமையும் குன்றவில்லை என்று உறுதி செய்த பின்னரே அவ்விடத்தில் சிறு பகுதி செயலிழக்கச் செய்யப்படும். பலருக்கு அம்மேசையிலேயே நடுக்கம் நின்றுவிடும்.

இது நோயின் வேரை அறுப்பதன்று என்பதை அம்மருத்துவர்கள் அறிந்திருந்தனர். அழிந்த அணுக்கள் மீள்வதில்லை. நடையின் தளர்ச்சியும் பேச்சின் தெளிவின்மையும் பெரும்பாலும் தொடரும். இருபுறமும் அறுவை செய்தால் பேச்சு மேலும் கெடும் இடர் உண்டு. ஆயினும் உணவைத் தானே எடுத்து உண்ண இயலாத ஒருவருக்கு வலக்கை மீண்டும் தன்வசமாவது சிறிய நன்மை அன்று.

தெரிந்து தெளிவோம்

தஞ்சாவூர் சந்தானகிருஷ்ண கனகா (1932–2018) ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்களுள் ஒருவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1968இல் நரம்பியல் அறுவையில் எம்.சிஎச். பட்டம் பெற்றார். பெருமூளை வாதத்தால் உடல் இறுகிய குழந்தைகளுக்கான அறுவை முறைகளை ஆராய்ந்தார். மூளைக்குள் மின்முனைகளைப் பொருத்தித் தூண்டும் முயற்சியை 1970களிலேயே இந்தியாவில் மேற்கொண்டார். நூறு முறைக்கும் மேல் குருதிக்கொடை அளித்த பெருமையும் அவருக்கு உண்டு.

விதைக்குள் இருந்த மருந்து

சென்னையில் அறுவைக்கூடம் இயங்கிய அதே காலத்தில் உலகின் பிற பகுதிகளில் வேறொரு வழி திறந்துகொண்டிருந்தது. அவ்வழியின் இரு கண்ணிகள் நம் மண்ணில் விளையும் இரு செடிகளுடன் தொடர்புடையவை.

முதலாவது சர்ப்பகந்தி. இதன் வேரிலிருந்து 1952இல் ரெசர்பின் என்னும் மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. குருதி அழுத்தத்தைக் குறைக்கும் அம்மருந்தைப் பெற்ற சிலரிடம் பார்க்கின்சன் நோய் போன்ற இறுக்கம் தோன்றியது. சுவீடன் நாட்டின் ஆர்விட் கார்ல்சன் 1957இல் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். அவை அசைவற்றுக் கிடந்தன. பின்னர் டோபா என்னும் பொருளைச் செலுத்தியதும் அவை எழுந்து இயங்கின. டோபா மூளைக்குள் சென்று டோபமினாக மாறுகிறது. டோபமின் இல்லையேல் இயக்கம் இல்லை என்பது இவ்வாறு வெளிப்பட்டது. 1960இல் வியன்னாவில் ஹோர்னிகீவிச்சும் அவருடன் பணியாற்றியவரும், பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமின் மிகக் குறைந்திருப்பதைக் கண்டறிந்தனர். 1967இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ், டோபாவைச் சிறிது சிறிதாக உயர்த்திப் பேரளவில் கொடுத்து நோயாளிகளை நடக்கச் செய்தார்.

இரண்டாவது பூனைக்காலி. வேலியோரங்களில் படரும் இக்கொடியின் காய்மீதுள்ள சுணை உடலில் பட்டால் கடும் அரிப்பு உண்டாகும். இதன் விதையிலிருந்து டோபாவைப் பிரித்தெடுத்து 1937இல் ஆய்வுரை வெளியிட்டவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் பணியாற்றிய தாமோதரன், இராமசாமி என்னும் இருவர். சேப்பாக்கத்தில் இருந்த அவ்வாய்வகத்திற்கும் அரசு பொது மருத்துவமனைக்கும் இடையே உள்ள தொலைவு சில கிலோமீட்டரே. ஆயினும் அப்பொருள் நடுக்குவாதத்திற்கு மருந்தாகும் என்பதை உலகம் அறிய மேலும் முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. அறிவு ஓரிடத்தில் பிறந்துவிட்டாலும், அதன் பயனைக் காண்பதற்கு வேறு பல அறிவுகள் வந்து சேர வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று இல்லை. பூனைக்காலி விதையில் மருந்து உண்டு என்பதற்காக மருத்துவரின் கருத்தின்றி அதனை உண்பது தீங்கு விளைவிக்கும் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

கைவிடவும் கற்றுக்கொள்ளல்

டோபா மருந்து பரவியதும் நடுக்குவாதத்திற்கான அறுவைகள் உலகெங்கும் விரைந்து குறைந்தன. பல்லாண்டுகள் பயின்று கைவரப்பெற்ற ஒரு கலை, ஒரு மாத்திரையின் முன் பின்வாங்கியது. தம் கைத்திறனைவிட நோயாளியின் நலனைப் பெரிதாக எண்ணுவோருக்கே இம்மாற்றத்தை ஏற்பது இயலும்.

காலம் மீண்டும் திரும்பியது. மருந்தை நெடுநாள் உட்கொண்டோரிடம் அதன் ஆற்றல் குறைந்தது. விருப்பமற்ற அசைவுகள் தோன்றின. 1987இல் பிரான்சு நாட்டில் பெனாபித் என்னும் அறுவை மருத்துவர், மூளையின் பகுதியை அழிக்காமல் மின்முனையைப் பொருத்தி இடைவிடாது தூண்டினால் நடுக்கம் அடங்குவதைக் காட்டினார். ஆழ்மூளைத் தூண்டல் எனப்படும் இம்முறை இன்று உலகெங்கும் வழக்கில் உள்ளது. தேவையெனில் மின்னோட்டத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். இதற்கும் அடிப்படை அதே மூன்று எண்களே.

மூளையின் ஆழத்தை அடையும் ஆற்றல் ஓர் அறக்கேள்வியையும் எழுப்பியது. கட்டுக்கடங்காத வன்செயலும் மிகைத் துடிப்பும் உடைய நோயாளிகளுக்குச் சென்னைக் குழுவினர் உணர்ச்சிகளோடு தொடர்புடைய மூளைப் பகுதிகளிலும் அறுவை செய்து, முடிவுகளை உலக இதழ்களில் வெளியிட்டனர். வேறு மருத்துவம் பலனளிக்காத நிலையில், வீட்டார் கட்டி வைத்துக் காக்க வேண்டியிருந்தவர்களுக்கு அது ஒரு வழியாகக் கருதப்பட்டது. ஆயினும் மனிதரின் நடத்தையை அறுவையால் மாற்றலாமா, தம் கருத்தைத் தெளிவாகக் கூற இயலாதவருக்காக யார் இசைவளிப்பது என்னும் வினாக்கள் 1970களில் உலகெங்கும் எழுந்தன. அத்தகைய அறுவைகள் பின்னர் மிகவும் அரிதாயின. செய்ய இயலும் என்பதும் செய்யத் தகும் என்பதும் ஒன்றல்ல. இவ்விரண்டையும் ஒவ்வொரு தலைமுறை மருத்துவரும் புதிதாக எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஹண்டிங்டன் நோயைப் பொறுத்தவரை அறுவையின் எல்லை இன்னும் தெளிவாகவே தெரிந்தது. அசைவுகளைச் சற்று அடக்கினாலும் அறிவின் தளர்ச்சியைத் தடுக்க இயலாது. அதன் வேர் பரம்பரையில் இருந்தது. தாய்க்கு அந்நோய் கண்டிருந்த நான்சி வெக்ஸ்லர் என்னும் அறிவியலாளர், வெனிசுலாவின் மராக்காய்போ ஏரிக்கரைக் குடும்பங்களை ஆராய்ந்து பெரும்பங்கு ஆற்றினார். 1983இல் மரபணு இருக்கும் பகுதியும் 1993இல் மரபணுவும் கண்டறியப்பட்டன. அம்மரபணுவில் மூன்றெழுத்துக் குறியீடு ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. இயல்பாக அது 35 முறைக்கு மேற்படுவதில்லை. 40 முறையோ அதற்கு மேலோ வந்தால் நோய் தோன்றும். பெற்றோருள் ஒருவருக்கு நோய் இருப்பின் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. நோயை முன்கூட்டியே அறியும் சோதனை இன்று உள்ளது. அதனை முற்றாகத் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை.

நிலைத்த பணி

இராமமூர்த்தி தொடங்கிய பிரிவு வளர்ந்து, 1970களில் சென்னை நரம்பியல் நிறுவனமாக உயர்ந்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்த இளம் மருத்துவர்கள் அங்குப் பயின்று சென்றனர். டெல்லியைச் சேர்ந்த பி.என். டாண்டனுடன் இணைந்து அவர் பதிப்பித்த நரம்பியல் அறுவைப் பாடநூல் 1980இல் வெளிவந்தது. இந்திய நோயாளிகளின் நிலையையும் இந்திய மருத்துவமனைகளின் வசதியையும் அறிந்தவர்கள் எழுதிய நூல் என்பதால் அது மாணவர்களுக்குப் பெருந்துணையாயிற்று.

அரசுப் பணிக்காலத்தின் இறுதியிலும் அவர் ஓய்வை நாடவில்லை. மருத்துவர் கே.எஸ். சஞ்சீவி 1958இல் தோற்றுவித்த தன்னார்வ நலச்சேவை மருத்துவமனையில், 1977–78இல் நரம்பியல் அறுவைத் துறையை நிறுவினார். ஆயுர்வேத அறிஞர் ஆசண்ட லட்சுமிபதியின் பெயர் அம்மையத்திற்குச் சூட்டப்பட்டது. பொருள் வசதி குறைந்தோரும் உயர் மருத்துவம் பெற வேண்டும் என்னும் நோக்கில் எழுந்த மருத்துவமனை அது. அவருடைய நாட்டம் அறுவையோடு நிற்கவில்லை. யோகநிலையில் மூளையும் உணர்வும் எவ்வாறு இயங்குகின்றன என்பதையும் ஆராய்ந்து எழுதினார். இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கிச் சிறப்பித்தது. தம் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிய அவர், வழியெங்கும் ஏற்றமே என்னும் பொருள்பட அதற்குத் தலைப்பிட்டார். 2003ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 13ஆம் நாள் அவர் மறைந்தார்.

இன்று ஒரு நடுக்க நோயாளியின் மூளையில் இலக்கைக் கணிக்க எம்.ஆர்.ஐ. படமும் கணினியும் உள்ளன. சேரப்பணஞ்சேரியிலிருந்தோ வேறு எந்தச் சிற்றூரிலிருந்தோ ஒருவர் நடுங்கும் கையுடன் சென்னைக்கு வந்தால், அவருக்கு மருந்து உண்டு. உரியவருக்கு அறுவையும் உண்டு. எக்ஸ் கதிர்ப்படமும் அளவுகோலும் மட்டுமே இருந்த நாளில், விழித்திருக்கும் நோயாளியிடம் பேசிக்கொண்டே அவருடைய மூளையின் ஆழத்திற்கு வழி கண்டவர்கள் இட்ட அடித்தளத்தின்மீது இவ்வசதிகள் நிற்கின்றன. இராமமூர்த்தி தனியொருவராகத் தொடங்கினார். ஆனால் தாம் இல்லாதபோதும் நடைபெறும் பணியாக அதனை அமைத்துச் சென்றார். தெருவில் தடுமாறி நடக்கும் ஒருவரைக் கண்டு நகைக்காமல், அவர் நோயுற்றவராக இருக்கலாம் என்று எண்ணி அருகில் சென்று கைகொடுப்பது, அப்பணியில் நாம் ஏற்கக்கூடிய பங்கு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள முதியோரிடம் நடுக்குவாதத்தைப் பற்றி முன்னாளில் நிலவிய நம்பிக்கைகளைக் கேட்டறிந்து, அவற்றை இன்றைய மருத்துவ விளக்கத்துடன் ஒப்பிட்டு எழுதுக.

2. தீர்வு இல்லாத ஒரு பரம்பரை நோயை முன்கூட்டியே சோதித்து அறிவது நன்றா என்னும் பொருளில் வகுப்பில் கலந்துரையாடுக.